தானாகச் சரியானதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 30 உலக எம்.எஸ். தினத்தை ஒட்டி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.), அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை பழுதாகும் நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோயைப் பற்றிச் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அறிகுறிகளின் பட்டியலும் சரிதான். கடைசி வரியில்தான் எனக்கு இடித்தது: ‘இத்தகைய அறிகுறிகள் தென்பட்டால் உடனே நரம்பியல் நிபுணரை அணுகவும்.’

கண் மங்கினால் யாராவது நரம்பியல் நிபுணரிடம் போவார்களா? கண் டாக்டரிடம்தான் போவார்கள். கால் மரத்துப்போனால் எலும்பு டாக்டர். தலை சுற்றினால் காது, மூக்கு, தொண்டை. சோர்வாக இருந்தால் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, அப்புறம் ‘கொஞ்சம் ஓய்வெடுங்கள், டென்ஷனைக் குறையுங்கள்’. நான் அந்த வழி முழுவதும் போய் வந்தவள். எனக்கு எம்.எஸ். இருக்கிறது. முதல் அறிகுறிக்கும் நோயின் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதற்கும் இடையில் பல வருடங்கள் ஓடிவிட்டன. கட்டுரை எழுதியவர் நோயின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அறிகுறிகளைப் பார்க்கிறார். நோயாளியிடம் அந்தப் பெயர் இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 26 இருக்கும்போது முதலில் வந்தது கண்ணில். என் தொழில் கணக்குத் தணிக்கை. ஒரு நாள் காலை, சிவப்பு மையில் நானே போட்டிருந்த டிக் குறிகள் பழுப்பாகத் தெரிந்தன. ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்குச் சிவப்பு, வலது கண்ணுக்குச் சாயம் போன பழுப்பு. கண்ணை ஓரமாகத் திருப்பினால் உள்ளே வலித்தது. இரண்டு மூன்று நாளில் வலது கண்ணின் நடுப்பகுதியில் புகை மூட்டம்போல ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கண் டாக்டர் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணுக்கு வேலை அதிகம், ஓய்வு கொடுங்கள் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் பார்வை திரும்பிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வந்தது பார்வை நரம்பு அழற்சி. அதில் பெரும்பாலும் வீக்கம் கண்ணுக்குப் பின்னால், நரம்பின் உட்பகுதியில் இருக்கும். மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணின் உட்புறத்தைச் சோதித்தால் எல்லாம் சாதாரணமாகவே தெரியும். நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, டாக்டருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர்களே இதை வைத்துப் பழைய வேடிக்கை ஒன்று சொல்வார்களாம். ஆனால் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதும் இல்லை. ஒரு டார்ச் விளக்கு போதும். வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டினால், நல்ல கண்ணில் பாவை சுருங்கியபடி இருக்கும். பாதித்த கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது சுருங்குவதற்குப் பதிலாக விரியும். அரை நிமிட வேலை. அப்புறம், ஒரு சிவப்புப் பொருளைக் காட்டி இரண்டு கண்ணுக்கும் ஒரே நிறமாகத் தெரிகிறதா என்று கேட்பது. அதற்கு அந்த அரை நிமிடம்கூட வேண்டாம். எனக்கு இரண்டையும் யாரும் செய்யவில்லை.

இரண்டாவது முறை வந்தது காலில். பாதத்தில் மரமரப்பு ஆரம்பித்து, ஒரு வாரத்தில் மெல்ல மேலே ஏறி, தொப்புளுக்குச் சற்று மேலே வந்து கோடு கிழித்த மாதிரி நின்றது. அந்தக் கோட்டை ஒட்டி வயிற்றைச் சுற்றி ஓர் இறுக்கம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். முதுகுத் தட்டு லேசாக விலகியிருக்கும் என்றார். வைட்டமின் பி12 ஊசி போட்டார்கள். சில வாரங்களில் சரியானது. பேர் ஊசிக்குப் போனது. என் வீட்டில் அந்த ஊசியை இன்றைக்கும் புகழ்வார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது என்பதை நான் மிகவும் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன். இடுப்பில் தட்டு விலகினால் வலியோ மரப்போ காலில் ஒரு பட்டையாக இறங்கும். வயிற்றில் கோடு போட்டு நிற்காது. உடம்பில் குறிப்பிட்ட ஒரு மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கோளாறு தண்டுவடத்தில் இருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். நான் அந்தக் கோட்டை விரலால் வரைந்தே காட்டினேன்.

அதற்குப் பிறகு வந்ததை அறிகுறி என்றே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சோர்வு. தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தாலோ, வேகமாக நடந்தாலோ வலது கண் மறுபடி மங்கும். உடம்பு ஆறினால் தெளிந்துவிடும். இதைச் சொன்னபோது டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ‘குளித்தால் கண் தெரியவில்லை’ என்று ஒரு பெண் சொன்னால் அவர் என்னதான் நினைப்பார்? மனப்பதற்றத்துக்கு மாத்திரை வந்தது. ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் இதை 1890-லேயே விவரித்து எழுதியிருக்கிறார். இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான். உறை பழுதான நரம்பில், உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் மின்குறி கடந்துபோகத் திணறுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கடைசியில் இரட்டைப் பார்வை வந்தபோது, ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். சின்னப் பெண். ‘இதுக்கு முன்னாடி, உடம்பில் வேறெங்கயாவது, எதுவா இருந்தாலும் சரி, சில நாள் இருந்துட்டுத் தானாகவே போயிருக்கா அக்கா?’ என்றார். நான் கண்ணைச் சொன்னேன், காலைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், தாடை நெஞ்சில் படும்படி தலையைக் குனியச் சொன்னார். குனிந்தேன். முதுகுத்தண்டில் கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. ‘இது எனக்கு எப்பவும் வருமே’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய் நரம்பியல் மருத்துவரை அழைத்து வந்தார். லெர்மிட் குறி என்று அதற்குப் பெயர். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் பாதிப்பு இருப்பதைக் காட்டும் குறிகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீர் எடுத்து ஒரு சோதனை, மற்ற நோய்கள் இல்லையென்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனைகள். சில நாள்களில் முடிவு வந்துவிட்டது.

நான் சொல்ல வருவது இதைத்தான். தாமதம் ஸ்கேன் அறையில் நடக்கவில்லை. அதன் வாசலுக்கு வந்து சேர்வதில்தான் நடந்தது.

எம்.எஸ். என்றால் என்ன என்பதை உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. உடம்பின் எதிர்ப்பு சக்தி, மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் தழும்பு விழுகிறது. ஆனால் அந்தத் தழும்பு எங்கே விழும் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. ஆகவே ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கால், ஒருவருக்கு நடை, ஒருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாமை. 1868-இல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஜான் மார்டின் ஷார்கோ இந்த நோயைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியபோதே, உயிரோடு இருந்தபோது கண்ட அறிகுறிகளையும் இறந்த பிறகு மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட தழும்புகளையும் பொருத்திப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார். அதுவரை அவை தனித்தனித் தொல்லைகளாகவே கிடந்தன.

இன்றைக்கும் இந்த நோயை உறுதி செய்யும் விதியின் உயிர்நாடி இரண்டு சொற்கள்தான்: இடம், காலம். மைய நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் பாதிப்பு நடந்திருக்க வேண்டும். அதற்கு வேறு காரணம் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001-இல் வந்த மெக்டொனால்டு விதிகள் அதை மாற்றின, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும் புதிய தழும்பையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்றன. 2010-இல் திருத்தியபோது, ஒரே ஸ்கேனில் புதிய தழும்பும் பழைய தழும்பும் சேர்ந்து தெரிந்தாலே காலம் நிரூபணமாகிவிடும் என்றானது. 2017-இல், தண்டுவட நீரில் குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதப் பட்டைகள் இருந்தால் அதையும் காலத்துக்குப் பதிலாகக் கொள்ளலாம் என்றார்கள். 2024 திருத்தத்தில் பார்வை நரம்பையும் ஓர் இடமாகச் சேர்த்துவிட்டார்கள். என் முதல் அறிகுறி இன்றைக்கு வந்திருந்தால், சிவப்பு பழுப்பான அந்தக் கண்ணே கணக்கில் ஏறியிருக்கும்.

விதிகள் இவ்வளவு வேகமாக முன்னேறியிருக்க, தாமதம் ஏன்? என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். பேரேட்டில் வரிசையாக ஏற்றினால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். என் ஃபைலில் இருந்த ஒவ்வொரு சீட்டும் தன்னளவில் நியாயமானது. கண் டாக்டரின் சீட்டில் காலைப் பற்றி ஒன்றும் இல்லை, எலும்பு டாக்டரின் சீட்டில் கண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. வரிசையாக ஏற்றிப் பார்க்கும் வேலை யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய தடை, உடம்பு குணமாவதுதான். எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அது வந்து வந்து போகும் வகையாகவே தொடங்குகிறது. சில நாள்களில் ஏறும், சில வாரம் நிற்கும், பிறகு தானாக இறங்கும். இறங்கியவுடன் நமக்கு நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி. கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டோமோ அதற்குப் பாராட்டு. அடுத்த முறை வேறோர் இடத்தில் வேறு மாதிரி வரும்போது, பழையதை இதோடு சேர்த்துச் சொல்ல நமக்குத் தோன்றுவதே இல்லை. எப்போதோ மங்கிச் சரியாகிவிட்ட கண்ணுக்கும் இப்போது மரக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? ‘வேறு ஏதாவது நோய் உண்டா?’ என்று டாக்டர் கேட்டால் ‘இல்லை’ என்போம். அது உண்மையான பதில்தான். கேள்விதான் தவறு.

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே என்பவரின் நாட்குறிப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 1822 டிசம்பரில் உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போகிறார். முடிந்த கையோடு கண் மங்குகிறது. வந்த கடிதங்களை மற்றவர்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அழுகையை அடக்கியதால் வந்த வினை என்று நினைத்துக்கொள்கிறார். எதுவும் செய்யாமலே சரியாகிறது. 1827-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இரட்டைப் பார்வை. பித்தம் என்கிறார் டாக்டர். நெற்றிப்பொட்டில் அட்டை விட்டு ரத்தம் எடுக்கிறார்கள். அதுவும் சரியாகிறது. பிறகு கால்களில் பலவீனம், மரமரப்பு. 1848-இல் அவர் இறக்கும்போது இந்த நோய்க்குப் பெயரே வைக்கப்படவில்லை; ஷார்கோ அதைப் பிரித்துக் காட்ட இன்னும் இருபது வருடம் இருந்தது. ஆனால் ஒன்று பாருங்கள். மருத்துவம் அறியாத ஒரு மனிதர் வருடக் கணக்கில் தன் உடம்பைத் தேதிவாரியாக எழுதி வைத்ததால், பிற்காலத்து மருத்துவர்கள் அந்தத் தாள்களை மட்டும் படித்துவிட்டு இது எம்.எஸ். என்று சொல்ல முடிந்தது. எம்.ஆர்.ஐ. இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. வரிசை மட்டும் இருந்தது.

அவருக்குப் பித்தம் என்றார்கள், எனக்கு டென்ஷன் என்றார்கள். இது பெண்களுக்கு அதிகம் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். எம்.எஸ். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. நோய் உறுதியாகும் சராசரி வயது 32. அந்த வயதுப் பெண் ‘சோர்வாக இருக்கிறது, உடம்பு ஒரு பக்கம் மரக்கிறது’ என்று சொன்னால், அவளுடைய வேலை, வீடு, குழந்தை, தூக்கம் என்று கேள்விகள் வேறு பக்கம் போய்விடுகின்றன. மனச்சோர்வு எம்.எஸ். நோயாளிகளுக்கு நிஜமாகவே அதிகம் வரும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சரி, மனப்பதற்றம் இருந்ததென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது இருப்பதால் தண்டுவடத்தில் எதுவும் இருக்காது என்று ஆகிவிடுமா?

இந்த நோய் குளிர்நாடுகளில்தான் வரும் என்ற எண்ணமும் தாமதத்துக்கு ஒரு காரணம். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக எண்ணிக்கை கூடுகிறது என்பது உண்மை. ஆனால் குறைவாக வருவதும் வராமலே இருப்பதும் ஒன்றல்ல. உலகம் முழுக்க 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். இவர்கள் இல்லாத கண்டம் எதுவும் இல்லை.

ஆண்களின் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் ஒருவர் வருவார், ஐம்பதை ஒட்டிய வயது. அவருக்குக் கண் மங்கவில்லை, எதுவும் வந்து வந்து போகவும் இல்லை. ஒரு கால் மட்டும் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போனது. தூரம் நடந்தால் பாதம் தரையில் உரசும். செருப்பின் முனை ஒரு பக்கம் மட்டும் தேயும். மூட்டுத் தேய்மானம், வயசாகிறது இல்லையா என்றே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே இப்படி மெல்ல முற்றும் வகை பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பேருக்கு வருகிறது. இதில் திடுக்கிடும் நாள் என்று ஒன்று இருக்காது. தாமதமோ இன்னும் அதிகம். உங்கள் கட்டுரையில் இந்த வகைக்கு ஒரு வரிகூட இல்லை.

‘சீக்கிரம் தெரிந்தால் மட்டும் என்ன, இது குணமாகாத நோய்தானே’ என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1993-க்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்காது. அந்த வருடம்தான் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைக்கு மாத்திரை, ஊசி, சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் ஏற்றுவது என்று பல மருந்துகள் இருக்கின்றன. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்ஸுக்காக கிளாட்ரிபின், கிளாடிராமர், ரிடக்ஸிமாப் ஆகிய மூன்றையும் சேர்த்தது. இந்த மருந்துகளால் செய்ய முடிந்தது, வரப்போகும் பாதிப்பைக் குறைப்பது. போன நரம்பை மீட்டுத் தர அவற்றால் ஆகாது. ஆகவே எந்த நாளில் தொடங்குகிறோம் என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. நமக்கு ஒரு தாக்குதல் தெரியவரும் காலத்தில், ஸ்கேனில் அதைப்போலப் பல மடங்கு புதிய தழும்புகள் சத்தமில்லாமல் விழுந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நன்றாக இருந்தேன்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடங்களின் கணக்கை என் முதல் ஸ்கேனில் பார்த்தேன்.

இதற்காக, கை மரத்த எல்லோரையும் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. என் நோயைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒரு தோழி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கால் மரத்ததற்கே எனக்குப் போன் செய்தாள். மரமரப்புக்குச் சர்க்கரை நோய், பி12 குறைவு, மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது என்று எத்தனையோ சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் ஸ்கேனிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதை வைத்து எம்.எஸ். என்று அவசரப்பட்டு முத்திரை குத்தி, தேவையில்லாத மருந்தை வருடக் கணக்கில் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற இன்னொரு நோய் இருக்கிறது. அதற்குரிய எதிர்ப்புப் புரதத்தை 2004-இல்தான் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். ஆகவே டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் சோதிப்பதைத் தாமதம் என்று நான் குறை சொல்ல மாட்டேன்.

கவனிக்க வேண்டியதை இப்படிச் சொல்லலாம். நொடிக் கணக்கில் வந்து மறைவது பெரும்பாலும் எம்.எஸ். தாக்குதல் அல்ல. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், குறைந்தது 24 மணி நேரம் விடாமல் இருந்து, நாள்களில் ஏறி, வாரங்கள் நீடிப்பதுதான் அது. ஒரு கண்ணில் மட்டும் வலியோடு பார்வையும் நிறமும் மங்குவது, உடம்பில் ஒரு மட்டத்துக்குக் கீழே மரப்பது, இளம் வயதில் காரணமில்லாத இரட்டைப் பார்வை. இவற்றில் ஒன்று வந்து போயிருந்தால், அது சரியாகிவிட்டாலும் மறக்கக் கூடாது. தேதியோடு எழுதி வைக்க வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை நாள், எப்படிப் போனது, எந்த டாக்டர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஒரே தாளில். மருத்துவச் சொற்கள் வேண்டாம், உங்கள் சொற்களே போதும். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் தொலைத்துவிடாதீர்கள். பின்னால் எடுக்கும் படத்தோடு ஒப்பிடப் பழைய படம்தான் வேண்டும்.

கண் மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பார்வை நரம்பு அழற்சி என்று தெரிந்தும், ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் நோயாளியிடம் சொல்லாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களை 15 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சரிபாதிப் பேருக்கு அந்தக் காலத்துக்குள் எம்.எஸ். உறுதியானது. தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து மூளையில் தழும்பு எதுவும் இல்லாதவர்களுக்கு அது 25 சதவீதம். ஒரு தழும்பாவது இருந்தவர்களுக்கு 72 சதவீதம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள அந்தக் கண்ணின் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. பயப்படட்டுமே. பயந்தவர் அடுத்த டாக்டரிடம் போகும்போது கண்ணையும் சேர்த்துச் சொல்வார். சொட்டு மருந்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் சொல்ல மாட்டார்.

நோயின் பெயரைக் கேட்ட அன்று நான் அழுதேனா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, எனக்கு வந்தது நிம்மதிதான். ‘நல்லாத்தானே இருக்கே, உனக்கு என்ன?’ என்று அதுவரை கேட்டவர்கள், ஸ்கேன் படத்தைப் பார்த்த பிறகு கேட்கவில்லை. என் மேலதிகாரி ஒருவர், நான் லீவு கேட்டபோதெல்லாம் புருவத்தை உயர்த்தியவர், தானாகவே வந்து என் மேசையை மின்விசிறிக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். அந்த வருடங்களில் நோயைவிட என்னை அதிகம் களைப்பாக்கியது, நான் சொல்வதை நம்ப வைக்கும் வேலை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்த நோயைப் பற்றி எழுதும்போது ஒரு நரம்பியல் நிபுணரின் பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் நோயாளி வந்து சேரும்போது பாதி வேலை முடிந்துவிட்டது. ஒரு கண் மருத்துவர், ஓர் எலும்பு மருத்துவர், ஒரு குடும்ப மருத்துவர் ஆகியோரைக் கேளுங்கள்: ‘இதற்கு முன் வேறெங்காவது ஏதாவது வந்து தானாகப் போயிருக்கிறதா என்று நீங்கள் நோயாளியிடம் கேட்பதுண்டா?’ அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள். அந்த டார்ச் விளக்குச் சோதனையை ஒரு படத்தோடு விளக்கினால் இன்னும் நல்லது. என் பழைய சீட்டுகளின் நகல் உங்கள் நிருபருக்குப் பயன்படும் என்றால், மருத்துவர்களின் பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரை மட்டும் போட வேண்டாம். அலுவலகத்தில் இன்னும் எல்லோரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கணக்குத் தணிக்கைத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகி